"இளைப்பாறுதல் தருவேன் என்றாரே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?": ஒரு சகோதரிக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக: "வயது 44. உதிரப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்து 7 வாரம் ஆகிறது. மூன்று மாதம் கனமான வேலை வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் படுத்தால் குற்ற உணர்ச்சி, தூக்கமும் இல்லை. தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஜெபித்தவள் நான். இப்போது இரண்டு வார்த்தை சேர்த்து ஜெபிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். 'பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டே சுகமானாள், உனக்கு விசுவாசம் இருந்திருந்தால் ஆபரேஷன் எதற்கு' என்று ஜெபக்குழுவில் ஒருவர் கேட்டார். இளைப்பாறுதல் தருவேன் என்றாரே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?"

சகோதரி, முதலில் ஒரு காரியம். வருகிற வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்காதீர்கள். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். பரிதாபப்பட்டு இதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேதத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்து ஜெபிப்பது என் ஊழியம். இருபது வருஷம் தாண்டிவிட்டது. நீங்கள் கேட்டிருப்பதை அந்தக் கட்டில்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள், அதுவும் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலை இறக்கிக்கொண்டு.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனத்திலிருந்தே ஆரம்பிப்போம். மத்தேயு 11:28. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." வருத்தப்பட்டு என்றதும் இன்று நாம் மனக்கவலையை நினைக்கிறோம். பழைய தமிழில் வருத்தம் என்றால் உடம்பு நோக உழைப்பதும்தான். திருக்குறளில் "மெய்வருத்தக் கூலி தரும்" என்று வருகிறதே, அந்த வருத்தம். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லும் உழைத்து உழைத்து ஓய்ந்துபோனவர்களைக் குறிக்கிற சொல். யாழ்ப்பாணத்தாரைக் கேட்டால் இன்னொரு பொருளும் சொல்வார்கள், அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். உழைத்த களைப்பு, நோய், மனபாரம் மூன்றும் இப்போது உங்களிடம் இருக்கிறது. அவர் அழைத்த கூட்டத்தில் நீங்கள் முன்வரிசையில் நிற்கிறீர்கள்.

அடுத்த சொல் இளைப்பாறுதல். இளைப்பு ஆறுவது. இந்த 'ஆறுதல்' என்ற சொல்லைத் தமிழ் எங்கெல்லாம் வைத்திருக்கிறது பாருங்கள். புண் ஆறும், கோபம் ஆறும், பசி ஆறும், கொதித்த பால் ஆறும், துக்க வீட்டில் ஆறுதல் சொல்வோம். இவற்றில் எதுவும் சொன்னவுடன் நடக்காது, நேரம் பிடிக்கும். அதோடு, பால் ஆற வேண்டுமென்றால் அதை முதலில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். 7 வாரம் ஆகியும் நீங்கள் இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவே இல்லை.

நம் சபைகளில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்திருப்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. கல்லறையில் "கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்" என்று பொறிக்கிறோம். உயிரோடிருக்கிற ஒரு பெண் பகலில் ஒரு மணிநேரம் படுத்தால் சோம்பல் என்கிறோம். இயேசு அந்த வார்த்தையை உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஜனங்களிடம்தானே சொன்னார்?

சரி, உபவாசத்துக்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பார்த்த எலியா, ராணி யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்ததும் உயிர் தப்ப ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். அப்புறம் படுத்துத் தூங்கிவிடுகிறான். இஸ்ரவேலின் மிகப் பெரிய தீர்க்கதரிசிகளில் ஒருவன் சாக வேண்டும் என்று கேட்டதை வேதம் மறைக்கவில்லை.

இங்கே தேவன் செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. எலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். ஏன் மறுபடி படுக்கிறாய் என்று தூதன் கேட்கவில்லை. தூங்கவிட்டான். இரண்டாவது முறை எழுப்பியபோதும் சாப்பாடுதான், அதோடு ஒரு வார்த்தை: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அதன் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபின்தான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. முதலில் தூக்கம், அடுத்து அப்பம், அடுத்து மறுபடியும் தூக்கம், மறுபடியும் அப்பம், நீண்ட நடை, கடைசியில் பேச்சு. அந்தப் பேச்சும் காற்றில் வரவில்லை, பூமியதிர்ச்சியில் வரவில்லை, அக்கினியில் வரவில்லை. "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்று நம் வேதாகமம் சொல்கிறது.

ஒடிந்துபோன தன் ஊழியக்காரனிடம் தேவன் உபவாசம் கேட்கவில்லை. அடை சுட்டுக் கொடுத்தார். புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. யவீருவின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பினவுடன் இயேசு சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான். உதிரம் போய், வயிற்றைக் கிழித்துத் தைத்து, இன்னும் ஆறாத உடம்போடு இருக்கிற உங்களிடம் அவர் வேறு எதைக் கேட்பார் என்று நினைக்கிறீர்கள்?

எலியா கதையில் இன்னும் இரண்டு விஷயம் எனக்குப் பிரியமானவை. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று அவன் இரண்டு முறை புலம்புகிறான். தேவன் அதற்குக் கோபப்படாமல், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் படியிடாத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, எலிசாவைத் துணையாகக் கொடுக்கிறார். மற்றொன்று, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவன் கடைசிவரை சாகவே இல்லை. சுழல்காற்றில் பரலோகத்துக்கு ஏறிப்போனான். சோர்வில் நாம் வேண்டிக்கொள்கிற எல்லாவற்றுக்கும் அவர் ஆமென் சொல்லிவிடுவதில்லை. அதற்காக நான் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

இனி அந்தப் பெரும்பாடுள்ள ஸ்திரீ. உங்களைக் காயப்படுத்த எடுத்த கதை அது. ஆனால் மாற்கு 5-ம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் அது உங்கள் பக்கம் நிற்கும். பன்னிரண்டு வருஷம் வைத்தியரிடம் அலைந்து கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவள் அவள். போனது தப்பு என்று இயேசு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய விசுவாசமும் மேடையில் சாட்சி சொல்லுகிற விசுவாசமாக இல்லை. கூட்டத்தில் ஒளிந்து பின்னால் வந்து தொட்டாள். கண்டுபிடிக்கப்பட்டபோது பயந்து நடுங்கினாள். அந்த நடுங்குகிற கையைத்தான் அவர் விசுவாசம் என்றார். "மகளே" என்று கூப்பிட்டார். அந்த நேரத்தில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஜெப ஆலயத் தலைவன் ஒருவன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ஆனாலும் அவளுக்காக நின்றார். அவளுக்குச் சுகம் தொடுதலில் வந்தது, உங்களுக்குக் கத்தியில் வந்திருக்கிறது. இரண்டையும் கொடுத்தவர் ஒருவரே என்று நான் நம்புகிறேன்.

மருந்தை அவிசுவாசம் என்று சொல்பவர்களுக்கு வேதமே போதும். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்தபோது, சுகமாவாய் என்ற வாக்கு வந்த பிறகும், தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் வைக்கச் செய்தார். அப்போஸ்தலன் பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு பவுல் கைமருந்து சொல்கிறார். தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். நம் மண்ணிலும், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் ஜெபித்துவிட்டு, மருத்துவம் படிக்கப் போனார். 1900-ல் வேலூரில் அவர் ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவம்தான் இன்றைக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரி.

ஆகவே மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இன்னொன்றும் டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா? எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மெல்ல மெல்ல வருகிறதெல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். தூக்கம் கெடும், இரவில் வியர்த்துக் கொட்டும், காரணமில்லாமல் அழுகை வரும். நெடுநாள் உதிரப்போக்கில் இரத்தசோகையும் இருக்கலாம், அதுவே ஆளைச் சோரப் பண்ணும். உடம்பில் நடக்கிற இந்த மாற்றங்களை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எண்ணித் தங்களைத் தாங்களே வதைத்துக்கொண்ட பெண்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டே இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். எலியாவைப் போல "போதும்" என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

அடுத்து விசுவாசம் குறைவு என்ற குற்றச்சாட்டு. வார்டில் ஒரு ஓய்வுபெற்ற லாரி டிரைவர் இருந்தார். நான் ஜெபிக்கச் சொன்னபோது, "எனக்கு ஜெபம் பண்ண வராது ஐயா. நீங்க சொல்லுங்க, நான் ஆமென் போடுறேன்" என்றார். அன்றைக்குத்தான் வேதத்தில் வரும் திமிர்வாதக்காரன் (உடம்பு முடங்கியவன்) கதை எனக்குப் புரிந்தது என்று சொல்லலாம். நாலு பேர் அவனைச் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அங்கே மாற்கு எழுதுவது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று. அவர்கள் விசுவாசத்தை! படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. நோயில் இருக்கிறவர் தன் விசுவாசத்தைத் தானே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. யாக்கோபும் அப்படித்தான் சொல்கிறார்: நோயாளி மூப்பர்களை வரவழைக்கட்டும், எண்ணெய் பூசி ஜெபிப்பது அவர்கள் வேலை. உங்களுக்கும் நாலு பேர் வேண்டும். அந்த ஜெபக்குழுவில் அப்படி நாலு பேர் இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள், இந்த மூன்று மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போகாமலிருப்பதும் பாவமில்லை. யோபுவின் சிநேகிதர்கள்கூட ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

கொஞ்சம் கடினமான ஒன்றைக் கேட்கப் போகிறேன், அன்போடுதான். ஏசாயா 30:15 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்." காலண்டரில் அதோடு முடிந்துவிடும். வேதத்தில் வசனம் முடியவில்லை. அசீரியாவுக்குப் பயந்து எகிப்திடம் உதவிக்கு ஓடிய யூதாவிடம் சொன்ன வார்த்தை அது. அவர்கள் சம்மதிக்கவில்லை. "அப்படியல்ல, குதிரைகளின்மேல் ஏறி ஓடிப்போவோம்" என்றார்கள். 4 மணி ஜெபமும் வெள்ளிக்கிழமை உபவாசமும் நல்ல காரியங்கள். ஆனால் இப்போது, இந்த உடம்போடு, அவை உங்களுக்குக் குதிரையாகிவிட்டதா? விட்டுவிட்டால் தேவன் கைவிட்டுவிடுவார் என்ற பயத்தில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இறங்கிப் படுத்துக்கொள்வதுதான் இன்றைக்கு உங்களுக்கு விசுவாசக் கிரியை. நான் தூங்கும்போது அவர் விழித்திருக்கிறார் என்று நம்புகிறவரால்தான் கண்ணை மூட முடியும். சங்கீதம் 121-ல் இருக்கிறது, இஸ்ரவேலைக் காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நாள் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள், சாயங்காலமும் விடியற்காலமுமாகி ஒரு நாள். அந்தக் கணக்கில் நாள் தொடங்குவதே நாம் தூங்கப் போகும்போதுதான். காலையில் நாம் எழும்புகிறபோது அவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்.

உங்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை, இதை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பத்துக் கட்டளையில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை ஒரு ஆளுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. நீயும், உன் குமாரனும், குமாரத்தியும், வேலைக்காரனும், வேலைக்காரியும், மிருகஜீவனும், வாசலில் இருக்கிற அந்நியனும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. உபாகமத்தில் அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதை நினை. யாருடைய உழைப்பில் வீடு நடக்கிறதோ அவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே கட்டளை. நம் வீடுகளில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்ன நடக்கிறது? ஆண்கள் நாற்காலியில், பெண்கள் கறிக்குழம்பும் ரசமும் வைக்க நேரே அடுப்படியில். இந்த மூன்று மாதமாவது உங்கள் கணவரும் பிள்ளைகளும் அந்தக் கட்டளையைக் கைக்கொள்ளட்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மாவு வாளி எதையும் நீங்கள் தூக்கக் கூடாது. ஞாயிறுபள்ளி வகுப்பை வேறொருவர் எடுக்கட்டும். வருகிறவர்களும் போகிறவர்களுமாகச் சாப்பிடக்கூட நேரமில்லாதிருந்த சீஷர்களைப் பார்த்து இயேசுவே, தனியே போய் இளைப்பாறுவோம் வாருங்கள் என்றார். கூட்டம் காத்துக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொன்னார்.

பூரண சுகம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. அறுவை காயம் ஆறும், டாக்டர் சொன்னபடி நடந்தால் பெரும்பாலும் பலமும் திரும்பும். ஆனால் எல்லா நோயாளிக்கும் நான் அப்படி வாக்குக் கொடுக்க முடிந்ததில்லை. பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளுக்கு அம்மாயாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலும்தான் இருந்தார். சுகத்துக்காக ஜெபிக்க அவரைச் சுற்றி ஆளில்லாமல் இல்லை. நோயாளிகளுக்கென்று எழுதப்படுகிற புத்தகங்களில் பல சுகமாயிருப்பவர்கள் எழுதியவை, படுக்கையில் கிடப்பவருக்கு அவை ஒட்டுவதில்லை என்று கண்டு, நோயிலிருந்து நோயாளிகளுக்கென்றே அவர் எழுதினார். அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. எழும்பி நடந்துவிட்டார் என்று முடிகிற கதை இல்லை அது. ஆனாலும் தளர்ந்த எத்தனையோ பேருக்கு அவர் எழுத்து கைகொடுத்தது. அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியும் 'அம்மாய்' என்ற ஒரு சொல்லும் மட்டும். எபிரெயருக்கு எழுதின நிருபம் தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் ஒன்று இனி வருகிறது என்கிறது. கிறிஸ்தவனுக்கு நம்பிக்கை என்பது அதுவரைக்கும் நீளுகிறது. அதனால்தான் இந்த மூன்று மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு வேண்டாம் என்கிறேன்.

ஜெபிக்க வார்த்தை வராதபோது என்ன செய்வது? சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள். சங்கீதங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. 88-ம் சங்கீதம் கூப்பிடுதலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஒரு நம்பிக்கை வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் ஜெபம் என்று ஏற்றுக்கொண்டவர் உங்கள் மௌனத்தையும் ஏற்றுக்கொள்வார். இன்று ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். உங்கள் மகளோ கணவரோ கட்டிலருகில் உட்கார்ந்து 121-ம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கட்டும். எட்டு வசனம்தான். நீங்கள் ஆமென் மட்டும் போடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் எழுந்து முழங்காலில் நிற்க வேண்டாம், படுத்தபடியே 4-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிக்கொண்டிருங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." 4 மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஆனாலும் நாளைக் காலை 4 மணிக்கு எங்கள் வார்டு ஜெபத்தில் உங்களுக்காகவும் கேட்கிறோம்.